புகைக்கு முத்திரை இருக்கு, உயிருக்கு? பசுமைப் பட்டாசும் காபி லேபிள்களும் சொல்லும் பாடம்

தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும்போது பெட்டியின் ஓரத்தில் ஒரு பச்சை லோகோவைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே ஒரு க்யூஆர் கோடு. ‘லோகோ இருக்கு சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க’ என்பார் கடைக்காரர். அதற்குமேல் யாரும் எதையும் கேட்பதில்லை. பில் போட்டு, பையில் போட்டு, வண்டியில் வைத்துக் கிளம்பிவிடுகிறோம்.

2025 ஜூன் 11 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே வடகரையில் உள்ள ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தது. முதல் நாள் செய்தியிலேயே 3 பேர் இறந்திருந்தார்கள். நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 15 அன்று, டெல்லி தலைநகர்ப் பகுதியில் பசுமைப் பட்டாசு விற்கவும் வெடிக்கவும் உச்ச நீதிமன்றம் சில நாட்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. காலை 6 முதல் 7 வரை, இரவு 8 முதல் 10 வரைதான் வெடிக்கலாம், க்யூஆர் கோடு உள்ள அங்கீகரிக்கப்பட்ட பட்டாசுகளை மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனைகள் தெளிவாக இருந்தன.

அந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வரும். டெல்லியில் விற்கப்பட்ட பெட்டியின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், அதைச் செய்த ஆலையில் கடைசியாக எப்போது பாதுகாப்பு ஆய்வு நடந்தது என்று தெரியுமா? ஓர் அறையில் எத்தனை பேர் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள் என்று தெரியுமா? தெரியாது. அந்த லோகோவை உருவாக்கியது அதற்காக இல்லை.

இது ஏமாற்று வேலை இல்லை. ஒரு லேபிள், தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். பசுமைப் பட்டாசு லேபிளிடம் டெல்லி கேட்ட கேள்வி ‘புகை எவ்வளவு?’ என்பது. காரியாபட்டியில் இருந்து அந்த லேபிளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இனிமேலாவது கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

பச்சை லோகோ எப்படி வந்தது?

கதை 2015-ல் தொடங்குகிறது. டெல்லியின் காற்று மாசால் மூச்சுவிடச் சிரமமாக இருக்கிறது என்று, ஒன்றரை வயதுகூட ஆகாத 3 குழந்தைகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போடப்பட்டது. அந்த வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று முக்கியமான தீர்ப்பு வந்தது. மாசு குறைந்த ‘பசுமைப் பட்டாசு’களை மட்டுமே தயாரிக்கலாம், பேரியம் உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது, சரவெடி கூடாது, ஆன்லைனில் விற்கக் கூடாது, தீபாவளி அன்று 2 மணி நேரம்தான் வெடிக்க வேண்டும் என்றெல்லாம் அந்தத் தீர்ப்பு சொன்னது.

அடுத்த ஆண்டே, நாக்பூரில் உள்ள ‘நீரி’ என்ற மத்திய அரசின் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் புதிய கலவைகளைக் கொண்டுவந்தது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று அவற்றுக்குப் பெயர். வழக்கமான பட்டாசைவிடக் குறைந்தது 30 சதவீதம் நுண்துகள் மாசு குறைவாக இருக்க வேண்டும் என்பது அளவுகோல். அதில் தேறிய பட்டாசுக்குத்தான் பச்சை லோகோவும் க்யூஆர் கோடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாணவெடியில் பச்சை நிறத்தைத் தருவதே பேரியம்தான். அதைத் தடை செய்த பிறகுதான் பெட்டியில் பச்சை லோகோ வந்தது. ‘ஸ்வாஸ்’ என்றால் இந்தியில் மூச்சு. யாருடைய மூச்சு என்று கேட்டால், பட்டாசு வெடிக்கும் தெருவில் இருப்பவரின் மூச்சு. அந்த மூச்சும் முக்கியம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பட்டாசுக்குள் மருந்து செலுத்தியவரும் மூச்சு விடுகிறவர்தான்.

இத்தனை ஆண்டு வழக்கில் தொழிலாளர்கள் பற்றிப் பேச்சே வரவில்லையா? வந்தது. ‘தடை விதித்தால் லட்சக்கணக்கானவர்கள் வேலை இழப்பார்கள்’ என்ற வாதமாக வந்தது. அதாவது, தொழிலாளி ஓர் எண்ணிக்கையாக வந்தார். அவருடைய கையும் உடம்பும் எவ்வளவு பத்திரமாக இருக்கின்றன என்பது லோகோவின் அளவுகோலுக்குள் வரவே இல்லை.

லோகோ இருந்தாலே நம்பலாமா?

புகை விஷயத்திலேயே அந்த லோகோவுக்குச் சோதனை வந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் சி.பி.ஐ. நடத்திய விசாரணையின் அறிக்கை 2021-ல் நீதிமன்றத்துக்கு வந்தபோது, தடை செய்யப்பட்ட பேரியம் பயன்பாட்டில் இருந்ததும், பெட்டியின் மேல் அச்சிட்டிருந்ததும் உள்ளே இருந்ததும் பொருந்தாமல் இருந்ததும் வெளிவந்தன. 2021 அக்டோபர் 29 அன்று, தடையை யாரும் மீறக் கூடாது, பசுமைப் பட்டாசு என்ற போர்வையில் தடை செய்யப்பட்டதை விற்கக் கூடாது என்று நீதிமன்றம் மறுபடியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது.

புகையை அளக்கக் கருவி இருக்கிறது. ஆய்வுக்கூடம் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்த நிலை. அப்படியென்றால் தொழிலாளர் பாதுகாப்பை ஒரு முத்திரை காப்பாற்றிவிடுமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்குப் பதில் தேட, 40 ஆண்டுகளாக இந்த லேபிள் வேலையைச் செய்துகொண்டிருக்கும் இன்னொரு தொழிலைப் பார்க்கலாம். அது காபி.

காபி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க

வீட்டில் இருக்கும் ஃபில்டர் காபித் தூள் பாக்கெட்டை எடுங்கள். ‘காபி 80 சதவீதம், சிக்கரி 20 சதவீதம்’ என்பது போல ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்தக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. இது சட்டம் கேட்ட கேள்விக்கான பதில்: ‘உள்ளே என்ன இருக்கு?’ குடிப்பவருக்கு அது போதும். பழம் பறித்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பது அந்த வரியில் இருக்காது.

கொஞ்சம் விலை கூடிய பாக்கெட் என்றால் வேறு சில முத்திரைகளும் இருக்கும். பச்சைத் தவளைப் படம் இருந்தால் அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ். காட்டை அழிக்காமல், பூச்சிக்கொல்லி விதிகளை மதித்து, தொழிலாளர் நிபந்தனைகளைக் கடைப்பிடித்து விளைந்தது என்று அது சொல்கிறது. யூ.டி.இசட். என்ற இன்னொரு சான்றிதழ் அமைப்பு 2018-ல் இதோடு இணைந்துவிட்டது. நீலமும் பச்சையும் கலந்த, கை உயர்த்திய மனிதர் போன்ற முத்திரை ஃபேர்டிரேட். ‘இந்தியா ஆர்கானிக்’ என்றால் இயற்கை வேளாண்மை. ‘பாபாபுடன்கிரி’, ‘குடகு’, ‘அரக்கு’ என்று ஊர் பெயரோடு புவிசார் குறியீடு இருந்தால், அது விளைந்த இடத்துக்கான அத்தாட்சி. இந்தியக் காபி வகைகள் 5-க்கு 2019-ல் அந்தக் குறியீடு கிடைத்தது.

ஆக, ஒரே பாக்கெட்டில் நான்கு முத்திரைகள் இருந்தாலும் நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரியாத்தான் இருக்கும்’ என்று நினைப்பதுதான் தவறு.

நியாய விலை யாருக்கு?

காபி முத்திரைகளுக்கு முன்னோடி 1988-ல் நெதர்லாந்தில் வந்த ‘மாக்ஸ் ஹாவலார்’. ஜாவா தீவில் காபி பயிரிட்ட மக்கள் டச்சு ஆட்சியில் பட்ட பாட்டைச் சொன்ன 1860-ஆம் ஆண்டு நாவலின் பெயர் அது. மெக்சிகோவின் வஹாகா பகுதிச் சிறு விவசாயிகளின் காபி, இந்த முத்திரையோடு டச்சுக் கடைகளுக்குப் போனது. அடுத்த ஆண்டே, உலகக் காபி விலையைக் கட்டுக்குள் வைத்திருந்த சர்வதேச ஒப்பந்தம் உடைந்து விலை சரிந்தது. ‘சந்தை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே போக மாட்டோம்’ என்று ஓர் அடிப்படை விலை உறுதி தரும் முத்திரைக்கு அப்போது பெரிய அர்த்தம் இருந்தது.

இன்றைக்கும் ஃபேர்டிரேட்டின் அடிப்படை அதுதான். பதப்படுத்திய அராபிகா காபிக்கு அதன் குறைந்தபட்ச விலை 2011 முதல் ஒரு பவுண்டுக்கு 1.40 டாலராக இருந்தது. 2023 ஆகஸ்ட் முதல் 1.80 டாலர். ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். அதற்கு மேல் 20 சென்ட் ஊக்கத்தொகை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். சந்தை விலை இதைவிட அதிகமாக இருந்தால் சந்தை விலையும் ஊக்கத்தொகையும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது கேட்ட கேள்வி ‘விவசாயிக்கு என்ன விலை?’ என்பது. காபியில் ஃபேர்டிரேட் சான்றிதழ் சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டும்தான், பெரிய எஸ்டேட்டுகளுக்குக் கிடையாது. சரி, அந்தச் சிறு விவசாயியின் தோட்டத்தில் பழம் பறிக்க வரும் கூலியாள்? நவம்பரில் தொடங்கி தை வரை தாண்டிக்குடியிலும் ஏற்காட்டிலும் அராபிகா பழுக்கும்போது கூடையோடு மலையேறுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நிலம் இல்லாதவர்கள். அடிப்படை விலை அவர்கள் கைக்கு வருவதில்லை.

இது வெறும் ஊகம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் கல்லூரி ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் காபி, தேயிலை, பூ விளையும் பகுதிகளில் ஆய்வு செய்து 2014-ல் அறிக்கை வெளியிட்டார்கள். ஃபேர்டிரேட் சான்றிதழ் உள்ள இடங்களில் வேலை பார்த்த கூலித் தொழிலாளர்களின் நிலை, சான்றிதழ் இல்லாத இடங்களைவிடச் சிறப்பாக இல்லை என்பது அதன் சாரம். ஃபேர்டிரேட் அமைப்பு அந்த ஒப்பீட்டு முறையை ஏற்கவில்லை. வாதம் எப்படிப் போனாலும், ஒன்று மட்டும் தெரிந்தது: விலையைப் பார்க்கும் லேபிளுக்குக் கூலி கண்ணில் படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதனால் இங்குள்ள தோட்டங்கள் வாங்கும் முத்திரைகளில் பல, ஐரோப்பியக் கடையில் நிற்பவரின் கேள்விக்கான பதில்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த காபியை விற்கக் கூடாது, தோட்டத்தின் இருப்பிடத்தை வரைபடக் குறியீட்டோடு காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டமே கொண்டுவந்தது. அமலாகும் தேதி தள்ளிப்போனாலும் இங்கே தயாரிப்பு வேலை தொடங்கிவிட்டது. அங்கே கேட்டார்கள், இங்கே வரைபடம் தயாராகிறது. கும்பகோணம் டிகிரி காபி குடிப்பவர் எதுவும் கேட்கவில்லை, அவருக்கு யாரும் எதையும் காட்டவில்லை.

சான்றிதழ் வாங்கிய ஆலையில் தீ

திரும்ப விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தை இந்த மாவட்டம் மறக்காது. 38 பேர் வரை இறந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம்.

அதற்குச் சரியாக 6 நாள் கழித்து, செப்டம்பர் 11 அன்று, பாகிஸ்தானின் கராச்சியில் ஓர் ஆயத்த ஆடை ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசத் தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. சான்றிதழ் இருந்தது. தப்பிக்கும் வழிகள் அடைபட்டிருந்தன.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் கசப்பானது. முத்திரை இல்லாததால் மட்டும் ஆட்கள் சாவதில்லை, முத்திரை இருப்பதால் மட்டும் பிழைப்பதும் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் ஆய்வு, ஆய்வுக்கு வருபவருக்கு ஆலையே கொடுக்கும் கட்டணம், யார் கண்ணிலும் படாமல் கோப்பில் தூங்கும் அறிக்கை என்று இருந்தால், எந்த லேபிளும் ஒட்டுத்தாள்தான்.

‘உராய்வு’ மட்டும்தான் காரணமா?

பட்டாசு விபத்துச் செய்திகளில் ஒரு வார்த்தை தவறாமல் வரும்: உராய்வு. ‘மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். உராய்வு உண்மைதான். ஆனால் உராய்வால் ஓர் அறையில் தீப்பிடித்தால் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதை உராய்வு முடிவு செய்வதில்லை. அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது, பக்கத்து அறை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பவைதான் முடிவு செய்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. பெரிய ஆலைகளுக்கு உரிமம் கொடுப்பது ‘பெசோ’ எனப்படும் மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சிறிய அளவில் செய்பவர்களுக்கு மாவட்ட வருவாய் அலுவலர். சிவகாசிப் பக்கம் கேட்டால் ‘நாக்பூர் லைசென்ஸா, சென்னை லைசென்ஸா, டி.ஆர்.ஓ. லைசென்ஸா?’ என்று பிரித்துச் சொல்வார்கள். ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று அளவு உண்டு. பொதுவாக அறைக்கு 4 பேர்தான். மரத்தடியில் வைத்து வேலை பார்க்கக் கூடாது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை வேறு ஆட்களுக்கு உள்குத்தகைக்கு விடக் கூடாது. ஆலைக்குள் பாதுகாப்பைப் பார்க்க மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தனியாக இருக்கிறது.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வெளியே வருவது கிட்டத்தட்ட ஒரே பட்டியல். அளவுக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து, உள்குத்தகை, மரத்தடி வேலை. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 அக்டோபர் 17 அன்று ஒரே நாளில் இரண்டு ஆலைகளில் 10 பேருக்கு மேல். செய்தி வருகிறது, நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, போர்மேன் கைதாகிறார், சில வாரங்களில் அடங்கிவிடுகிறது.

காரியாபட்டியில் இன்னொரு விபத்தும் நடந்திருக்கிறது. 2024 மே 1 அன்று கல்குவாரிக்கான வெடிமருந்துக் கிடங்கு வெடித்து 3 பேர் இறந்தார்கள். ஜல்லிக்கோ எம்-சாண்டுக்கோ எந்தப் பச்சை லோகோவும் கிடையாது. வீடு கட்டுகிறவர் எதையும் ஸ்கேன் செய்வதில்லை. லேபிள் உள்ள பொருளிலும், லேபிளே இல்லாத பொருளிலும் வேலை பார்த்தவரின் நிலை வாங்குகிறவருக்கு ஒரே மாதிரி மறைந்துதான் இருக்கிறது. மழை இல்லாத வானம் பார்த்த பூமியில் பட்டாசு, குவாரி என்று எந்த வேலை கிடைத்தாலும் போகிறவர்களின் ஊர் இது.

வேறு இடங்களில் எது பலன் கொடுத்தது?

லேபிளே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பலன் கொடுத்த இரண்டு முறைகளைப் பார்க்கலாம்.

ஒன்று, கம்பளம். வட இந்தியக் கம்பளத் தறிகளில் குழந்தைகள் வேலை பார்த்ததை எதிர்த்துக் கைலாஷ் சத்யார்த்தி முன்னெடுத்த ‘ரக்மார்க்’ முத்திரை 1994-ல் வந்தது. 2009 முதல் அதற்கு ‘குட்வீவ்’ என்று பெயர். ஒவ்வொரு முத்திரைக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணை வைத்து எந்தத் தறியில் நெய்தது என்று தேடிப் போகலாம். ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள்.

இரண்டு, வங்கதேசம். 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்த பிறகு, ‘அக்கார்டு’ என்ற ஒப்பந்தம் வந்தது. ஆடை பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படும் வகையில் கையெழுத்திட்டன. இதில் சட்டையில் ஒட்ட லேபிள் எதுவும் கிடையாது. 1,500-க்கும் மேற்பட்ட ஆலைகளில் ஆய்வு செய்து, ஒவ்வொன்றின் அறிக்கையையும் ஆலையின் பெயரோடு இணையத்தில் வெளியிட்டார்கள். எந்தக் கதவு சரியில்லை, எந்தத் தூண் பலவீனம், சரி செய்தாச்சா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

முதல் முறை வேலை நடந்த இடத்தை அடையாளம் காட்டியது. இரண்டாவது முறை ஆய்வு அறிக்கையை ஊரறிய வைத்தது. இரண்டிலும் ‘நாங்கள் நல்லவர்கள்’ என்ற அத்தாட்சியைவிட, ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்ற தகவல்தான் பெரிது. காபியிலும் அந்த மாற்றம் வருகிறது. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் தன் 2020-ஆம் ஆண்டு விதிகளில், ‘இங்கே குழந்தைத் தொழிலாளர் இல்லவே இல்லை’ என்று எழுதி வாங்குவதை மட்டும் நம்பாமல், கண்டுபிடி, சரி செய், பதிவு செய் என்ற முறைக்கு மாறியது.

தொழில் தாங்குமா?

இங்கே சிவகாசித் தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். பேரியம் போச்சு, சரவெடி போச்சு, டெல்லிச் சந்தை பாதி நாள் மூடியே கிடக்கு. இந்த நிலையில் புதுசா ஒரு சான்றிதழ், அதுக்கொரு கட்டணம், அதுக்கொரு ஆய்வாளர் என்றால் சின்ன ஆலைகள் என்ன செய்யும்? கெடுபிடி கூடினால் வேலை வீடுகளுக்கும் தோட்டத்துக் கொட்டகைகளுக்கும் ரகசியமாகப் போய்விடும், ஆபத்து இன்னும் கூடும் என்கிறார்கள்.

அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. காபியிலும் சான்றிதழ் செலவைப் பெரிய தோட்டங்கள் எளிதாகத் தாங்கிக்கொள்கின்றன, சிறியவர்கள் திணறுகிறார்கள். சிவகாசியில் குழந்தைத் தொழிலாளர் முறை குறைந்ததற்கும் லேபிள் காரணம் இல்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பர் 10 அன்று சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும், பள்ளிக்கூடமும் சத்துணவும் சேர்ந்து செய்த வேலை அது. சட்டம் செய்ய வேண்டியதை லேபிளின் தலையில் கட்டக் கூடாது.

ஆனால் இங்கே கேட்பது புதிய லேபிளை இல்லை. க்யூஆர் கோடு ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறது. தகவல்களும் அரசு அலுவலகங்களில் இருக்கின்றன. உரிமம் யார் பெயரில், எந்த வகை, எத்தனை அறை, எத்தனை பேருக்கு அனுமதி, கடைசி ஆய்வு எப்போது, உரிமம் எப்போதாவது நிறுத்திவைக்கப்பட்டதா, கடந்த 5 ஆண்டுகளில் விபத்து உண்டா, இ.எஸ்.ஐ.யில் தொழிலாளர்கள் பதிவாகியிருக்கிறார்களா. இந்த 8 விவரங்களை அந்தக் க்யூஆர் கோடோடு இணைத்தால் போதும். ஆலைக்காரர் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. விதிப்படி நடக்கிற ஆலைக்கு இது விளம்பரம். உள்குத்தகையில் ஓட்டுகிறவருக்குத்தான் சங்கடம்.

உராய்வை இது நிறுத்துமா? நிறுத்தாது. ஆனால் ஓர் ஆலையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் அந்தப் பெயரில் பெட்டி கடைக்கு வந்தால், வாங்குகிறவர் மொபைலில் அது சிவப்பாகத் தெரியும். இப்போது அது அலுவலகக் கோப்புக்குள் மட்டுமே தெரிகிறது. விபத்து நடந்த பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது.

நீங்க என்ன செய்யலாம்?

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது, நமக்கென்ன என்று விட்டுவிடவும் முடியாது. காபி லேபிள்களின் வரலாறு சொல்வது ஒன்றுதான்: வாங்குகிறவர் கேட்ட பிறகுதான் விற்பவர் பதில் தேடினார்.

‘80 சதவீதம் தள்ளுபடி’ என்று வாட்ஸ்அப்பில் வரும் விலைப்பட்டியலைப் பார்த்து ஆர்டர் போடுவதற்கு முன் யோசியுங்கள். ஆன்லைன் விற்பனைக்கு 2018 தீர்ப்பிலேயே தடை இருக்கிறது. அதோடு, பார்சல் வீட்டுக்கு வரும்வரை பெட்டியையே பார்க்க முடியாது. கடையில் வாங்கினால் லோகோவை மட்டும் பார்க்காமல் தயாரித்த ஆலையின் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லாத பெட்டி என்றால், அதைச் செய்தவருக்கு விபத்து நடந்தாலும் கணக்கில் வராது.

அலுவலகங்களில் தீபாவளிக்கு கிஃப்ட் பாக்ஸ் மொத்தமாக வாங்குவார்கள். அந்த ஆர்டரைக் கொடுக்கிற இடத்தில் உங்களில் சிலர் இருக்கக்கூடும். 500 பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கிறவர் ‘எந்த ஆலை, எந்த உரிமம், கடைசி ஆய்வு எப்போது?’ என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டால், வியாபாரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தனி ஆள் கேட்கும்போது சிரித்துவிட்டுப் போவார். மொத்த ஆர்டர் கேட்கும்போது ஆலைக்கு போன் போடுவார். அலுவலக பேன்ட்ரிக்குக் காபி வாங்கும்போதும் இதே கேள்வி செல்லும்: இந்த முத்திரை விலையைச் சொல்லுதா, காட்டைச் சொல்லுதா, பறிச்சவங்க கூலியைச் சொல்லுதா?

டெல்லிக் குழந்தைகளின் பெயரில் ஒரு வழக்கு வந்ததால் இந்தியா முழுக்கப் பட்டாசின் கலவையே மாறியது. நாக்பூரில் ஆய்வு நடந்தது, பெட்டியில் லோகோ வந்தது, நான்கே ஆண்டுகளில் எல்லாம் நடந்தது. காரியாபட்டியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் காலையில் ஆலை வேனில் ஏறிப் போகிறவர்களின் பெயரில் அப்படி ஒரு கேள்வி இன்னும் பெட்டியின் மேல் வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு லோகோவைக் காட்டி ‘தைரியமா எடுத்துட்டுப் போங்க’ என்று கடைக்காரர் சொல்லும்போது, ‘இது எந்த ஆலைங்க?’ என்று அவரிடம் கேட்டுத் தொடங்கலாம்.